கணினிக் கூடச் சாவி கைக்கு வந்துவிட்டதா? லைசன்ஸ், சேர்வர், செலவு: பாடசாலைகளுக்கு ஒரு வழிகாட்டி

மலையகத்துப் பாடசாலைகளில் கணினிக் கூடப் பொறுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஐசிடி படிப்பிக்கிறவர் என்பதற்காக, சில இடங்களில் மற்றவர்களைவிட வேகமாக டைப் பண்ணுவார் என்பதற்காகக்கூட, அதிபர் ஒருநாள் சாவியைக் கையில் தந்துவிடுவார். சாவியோடு வேறொன்றும் வராது. எந்த மெஷினில் என்ன லைசன்ஸ், சேர்வர் (எல்லா மெஷினுக்கும் ஃபைல், பாடம் கொடுக்கிற பொது மெஷின்) பாஸ்வேர்ட் யாரிடம், வாங்கிய பில் எங்கே என்று கேட்டால் "முந்தி இருந்த சேருக்குத்தான் தெரியும், அவர் மாற்றலாகிப் போயிட்டார்" என்பார்கள். நானும் அப்படித்தான் பொறுப்பெடுத்தேன். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் அலைந்து தெரிந்துகொண்டவற்றை அடுத்து வருபவருக்காக வரிசையாக எழுதுகிறேன்.

இது 15 முதல் 40 மெஷின் வரை உள்ள பாடசாலைகளை மனதில் வைத்து எழுதியது. பல்கலைக்கழகங்களுக்கு லேர்ன் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பு இருக்கிறது, கணினிப் பிரிவு என்று தனியாக ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது தேவைப்படாது. தொடங்கும் முன் ஒன்றை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: கணக்கு, பில், லைசன்ஸ் சாவி எண், பாஸ்வேர்ட் எதுவானாலும் பாடசாலையின் பெயரில்தான் இருக்க வேண்டும். உங்களுக்கும் ஒருநாள் இடமாற்றக் கடிதம் வரும்.

1. முதலில் எண்ணுங்கள்

எதையும் வாங்கவோ அழிக்கவோ முன், ஒவ்வொரு மெஷினையும் போட்டுப் பார்த்து ஒரு அட்டவணை எழுதுங்கள். மெஷினுக்கு ஒரு இலக்கம் (இன்வென்டரிப் புத்தகத்தில் உள்ள அதே இலக்கம்), பிராண்டா கடையில் பூட்டியதா, புரொசசர், ரெம் எவ்வளவு, எந்த விண்டோஸ், எந்த ஒஃபிஸ், யார் தந்தது. அன்பளிப்பாக வந்தவற்றுக்குத் தந்தவரின் கடிதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வருட இறுதிக் கணக்கெடுப்பில் இது உங்களைத்தான் காப்பாற்றும்.

அடுத்து லைசன்ஸ். விண்டோஸ் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் என்ற பக்கத்தைத் திறங்கள். அங்கே "ஆக்டிவேட் ஆகிவிட்டது" என்று இருந்தால் போதும் என்று பலர் மூடிவிடுகிறார்கள். முழு வசனத்தையும் வாசியுங்கள். டிஜிட்டல் லைசன்ஸ் மூலம் என்று இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் என்று இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அப்படி ஒரு சேவையைப் பாடசாலை எப்போதாவது வாங்கி நிறுவியதா? அந்தச் சேவை வேலை செய்யக் குறைந்தது 25 மெஷின்கள் அதில் பதிய வேண்டும், ஒவ்வொரு மெஷினும் 180 நாளுக்குள் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். 12 மெஷின் உள்ள கூடத்தில் இந்த வசனம் தெரிகிறது என்றால், யாரோ பென் ட்ரைவில் கொண்டுவந்த கிரேக் கருவியை (லைசன்ஸ் வாங்காமல் ஆக்டிவேட் செய்கிற மென்பொருள்) போட்டிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் கணினி நிரல்களும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன, வேண்டுமென்று மீறுவது தண்டனைக்குரிய குற்றம். சட்டம் உங்கள் கூடத்துக் கதவைத் தட்டுமோ இல்லையோ, அந்தக் கிரேக் கருவி செய்கிற வேலை இன்றைக்கே உங்களைப் பாதிக்கும். தன்னைக் கண்டுபிடிக்காமல் இருக்க விண்டோஸோடு வருகிற அன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டரில் சில ஃபோல்டர்களைச் சோதிக்காதே என்று எழுதிவைப்பது அந்த வகைக் கருவிகளின் வழக்கம். டிஃபெண்டரில் விலக்குப் பட்டியல் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே நீங்கள் போடாத பெயர்கள் இருந்தால் அந்த மெஷினில் மாணவர் புள்ளிகளை வைக்காதீர்கள். கருவியை மட்டும் அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள், துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதுதான் வழி.

இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. விண்டோஸ் 10 அல்லது 11 உடன் விற்கப்பட்ட பிராண்ட் மெஷின்களில் லைசன்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். யாரோ ஒரு டெக்னீஷியன் அதற்கு மேல் கிரேக் செய்த புரோ பதிப்பைப் போட்டிருப்பார். அந்த மெஷினுடன் வந்த அதே பதிப்பை, பெரும்பாலும் ஹோம், புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்தால் அது தானாக ஆக்டிவேட் ஆகும். ஒரு சதமும் செலவில்லை. எத்தனையோ கூடங்களில் சொந்த லைசன்ஸ் உள்ளே இருக்கத் திருட்டு விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கிறது! பழைய விண்டோஸ் 7 ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம், அந்தச் சாவியை வைத்து 10, 11 போடுகிற வழியை மைக்ரோசொஃப்ட் 2023இல் மூடிவிட்டது.

எண்ணும்போது திகதியையும் பாருங்கள். மெஷினை நிறுத்திப் போட்டால் திகதி பழைய வருடத்துக்கு ஓடிவிடுகிறதா? மதர்போர்டில் உள்ள சின்ன வட்ட பற்றரி தீர்ந்துவிட்டது. திகதி பிழைத்தால் இணையத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும், ஆக்டிவேஷனும் சொதப்பும், ஒஃபிஸ் கணக்கில் உள்ளே போக முடியாது. லைசன்ஸ் கோளாறு என்று நினைத்துக் கண்டியில் இருந்து ஆள் கூப்பிட்டுப் பயணச் செலவும் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பற்றரி மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைக்கும்.

2. பாடசாலைக்கு ஒரே ஒரு ஆங்கிலப் பெயர்

சிரிக்க வேண்டாம், அதிகம் நாள் இழுபட்டது இதில்தான். நம்முடைய பாடசாலைகளின் பெயர் பெரும்பாலும் தோட்டத்தின் பெயர். அது ரப்பர் முத்திரையில் ஒருவிதமாக, வங்கிக் கணக்கில் இன்னொருவிதமாக, பெயர்ப் பலகையில் வேறுவிதமாக எழுதியிருக்கும். தமிழ் வித்தியாலயம் என்பதை ஒரு இடத்தில் முழுதாக, ஒரு இடத்தில் இரண்டு எழுத்தாகச் சுருக்கி, இன்னொரு இடத்தில் பழைய தரத்தோடு எழுதியிருப்பார்கள். மைக்ரோசொஃப்டோ கூகுளோ உங்கள் பாடசாலை உண்மையானதுதானா என்று பார்க்கும்போது கடிதத்தில் ஒரு பெயர், டொமைனில் (இணையத்தளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் உரிய முகவரிப் பெயர்) ஒரு பெயர் இருந்தால் விண்ணப்பம் அப்படியே திரும்பி வரும்.

அதனால் வலயக் கல்விப் பணிமனையின் பட்டியலில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதை எடுத்து, இனி எல்லாவற்றுக்கும் அதுதான் என்று அதிபரோடு பேசி முடிவு செய்யுங்கள். பிறகு ஒரு கோப்பில் இவற்றைத் தயாராக வையுங்கள்:

பாடசாலைக் கடிதத் தலைப்பில், அதிபரின் ஒப்பமும் முத்திரையும் உள்ள ஆங்கிலக் கடிதம். அதில் முகவரி, தொலைபேசி, பாடசாலைத் தொகைமதிப்பு இலக்கம், நீங்கள்தான் தொழில்நுட்பப் பொறுப்பாளர் என்ற ஒரு வரி.

மாணவர், ஆசிரியர், ஏனைய ஊழியர் எண்ணிக்கை, தனித்தனியாக. ஏன் தனித்தனி என்பது நான்காம் படியில் வரும்.

பாடசாலைப் பெயரில் ஒரு பொது மின்னஞ்சல். உங்கள் பெயர் அதில் இருக்கக்கூடாது. மீட்பு இலக்கமாக அலுவலகத் தொலைபேசியையோ அதிபரின் இலக்கத்தையோ கொடுங்கள். இன்று லைசன்ஸ் சீடியில் வருவதில்லை, ஒரு மின்னஞ்சலாகத்தான் வருகிறது. அது யாரோ ஒருவருடைய சொந்த ஜிமெயிலுக்குப் போய்விட்டால் பாடசாலை காசு கொடுத்து வாங்கியது அவரோடு அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும்.

3. இலவசமாகக் கிடைப்பதை எடுத்து முடியுங்கள்

காசு கேட்டுப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குப் போகும் முன் இந்தப் படியை முடித்துவிடுங்கள். நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கிற பெற்றோரிடம் ஒஃபிஸ் லைசன்ஸுக்கு என்று பணம் சேர்ப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன், அதுவும் அதே வேலையைச் செய்கிற இலவச மென்பொருள் இருக்கும்போது.

முதலில் வலயத்தில் ஐசிடி பொறுப்பாளரிடம் கேளுங்கள், உங்கள் பாடசாலைக்கு ஏற்கெனவே கணக்கோ டொமைனோ ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று. இருந்தால் அதை மீட்டெடுப்பது புதிதாக ஒன்று தொடங்குவதைவிட நல்லது. இல்லையென்றால் எல்கே (.lk) டொமைன் பதிவகத்தில் பாடசாலைகளுக்கென்றே உள்ள முடிவோடு ஒரு டொமைனுக்கு விண்ணப்பியுங்கள். டொமைன் இல்லாமல் கூகுளோ மைக்ரோசொஃப்டோ பாடசாலைக் கணக்குத் தருவது கடினம்.

கூகுள் வேர்க்ஸ்பேஸின் கல்விப் பதிப்பில் ஃபண்டமென்டல்ஸ் என்பது தகுதியுள்ள பாடசாலைகளுக்கு இலவசம். முழுப் பாடசாலைக்கும் சேர்த்து 100 டெராபைட் இடம் தருவார்கள், நமக்கு அது ஆயுளுக்கும் போதும். மைக்ரோசொஃப்ட் பக்கத்தில் ஏ1 என்ற திட்டம் இலவசம். அதில் வேர்ட், எக்செல் எல்லாம் பிரவுசருக்குள் மட்டும்தான் ஓடும், கணினியில் நிறுவ முடியாது. முன்பு ஏ1 பிளஸ் என்று ஒன்று இருந்தது, அதில் நிறுவலாம். 2024 ஓகஸ்ட்டோடு அதை நிறுத்திவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லி ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

இரண்டிலும் நடைமுறை ஒன்றுதான்: விண்ணப்பம், டொமைன் உங்களுடையதுதான் என்று காட்ட அவர்கள் தருகிற ஒரு வரியை டொமைன் பதிவில் சேர்ப்பது (இது உலகம் முழுக்கப் பரவ ஒன்றிரண்டு நாள் எடுக்கலாம்), பிறகு அவர்கள் கடிதத்தைப் பார்க்கும்வரை காத்திருப்பு. சில நாளிலும் வரும், சில வாரமும் ஆகும். ஆகவே தவணை தொடங்கிய பிறகு விண்ணப்பிக்காதீர்கள், விடுமுறையில் போட்டுவிடுங்கள். அனுமதி வந்ததும் நிர்வாகிக் கணக்கு இரண்டு உருவாக்குங்கள். ஒன்று உங்களிடம், மற்றது அதிபரின் மூடிய உறையில். மாணவர் கணக்குகளுக்கு 18 வயதுக்குக் கீழ் என்ற அமைப்பை மறக்காமல் போடுங்கள்.

கணினியில் நிறுவ லிப்ரே ஒஃபிஸ் போதும். சாதாரண தர ஐசிடி பாடத்தில் சொற்செயலாக்கம், விரிதாள், நிகழ்த்துகை எல்லாவற்றையும் அதில் படிப்பிக்கலாம். உயர்தரத்துக்குத் தேவையான பைதன், கீழ்வகுப்புக்கு ஸ்கிராட்ச், படம் திருத்த கிம்ப், ஃபைல் சுருக்க செவன்ஸிப், வீடியோவுக்கு விஎல்சி, எல்லாம் இலவசம், பாடசாலையில் போடுவதற்குத் தடையும் இல்லை. தூர இருந்து மெஷினைப் பார்க்கிற சில மென்பொருள்களும் சில இலவச அன்டிவைரஸ்களும் வேறு மாதிரி. அவை சொந்தப் பாவனைக்கு மட்டும் இலவசம், நிறுவனத்துக்கு இல்லை. நிறுவும்போது வரும் அந்த நீண்ட பக்கத்தில் இதைத்தான் எழுதியிருப்பார்கள். அன்டிவைரஸுக்கு விண்டோஸ் டிஃபெண்டரே போதும்.

லிப்ரே ஒஃபிஸுக்கு மாறும்போது ஆசிரியர் அறையில் பெரிய எதிர்ப்பு ஒன்று வரும், காரணம் பாமினி. நம்மவர்கள் தவணைப் பரீட்சை வினாத்தாள் எல்லாவற்றையும் பாமினி எழுத்துருவில்தான் அடித்து வைத்திருக்கிறார்கள். புதிய மெஷினில் பாமினி இல்லாவிட்டால் திறந்த உடனே ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், "இந்த ஒஃபிஸ் கூடாது" என்று தீர்ப்பும் வந்துவிடும். நிறுவும் அன்றே எல்லா மெஷினிலும் பாமினி எழுத்துருவைப் போட்டுவிடுங்கள். அதைவிட நுணுக்கமான சிக்கல், லிப்ரே ஒஃபிஸ் வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன எழுத்துக்கு ஒரு தமிழ் எழுத்து, பெரிய எழுத்துக்கு வேறு தமிழ் எழுத்து. ஆக, டைப் செய்யச் செய்யச் சொல் மாறிக்கொண்டே போகும். டூல்ஸ் மெனுவில் ஒட்டோகரெக்ட் அமைப்புகளுக்குப் போய், முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, இரண்டு பெரிய எழுத்தைத் திருத்துவது இரண்டையும் நிறுத்துங்கள். புதிய வினாத்தாள்களையாவது யூனிகோடில் (எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் தமிழாகவே தெரிகிற முறை) அடிக்கப் பழக்குங்கள். சண்டை பிடிக்காமல், மெதுவாக.

4. காசு கொடுத்தே ஆகவேண்டிய இடம்

பெரும்பாலும் அது விண்டோஸ் ஒன்றுதான்.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஒஃபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாள்தான். இப்போது உங்கள் அட்டவணையை எடுத்து மெஷின்களை மூன்றாகப் பிரியுங்கள்.

விண்டோஸ் 11 ஏறக்கூடியவை: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பான தொடக்க வசதி, 4 ஜிபி ரெம், 64 ஜிபி இடம், அதோடு மைக்ரோசொஃப்டின் பட்டியலில் உள்ள புரொசசர். லைசன்ஸ் உள்ள விண்டோஸ் 10 இருந்தால் 11க்கு மாற இலவசம். ஆனால் 4 ஜிபியில் 11 ஓடுவது ஹப்புத்தளை ஏற்றத்தில் ரயில் ஏறுவது போலத்தான், 8 ஜிபி ஆக்கிவிட்டு ஏற்றுங்கள். டிபிஎம் இருந்தும் பயோஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கிற அமைப்புப் பக்கம்) அணைத்து வைத்திருப்பார்கள், இல்லை என்று முடிவு கட்டும் முன் அதைப் பாருங்கள்.

ஏறாதவை, ஆனால் விண்டோஸ் கட்டாயம் தேவைப்படுபவை, உதாரணமாக அலுவலக மெஷின்: நீடித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு வாங்கலாம். கல்வி நிறுவனத்துக்கு ஒரு மெஷினுக்கு முதல் வருடம் 1 டொலர், இரண்டாம் வருடம் 2, மூன்றாம் வருடம் 4. இதைத் தொகுதி லைசன்ஸ் (நிறுவனங்களுக்குப் பல மெஷினுக்கு மொத்தமாகத் தருவது) விற்கும் முகவர் மூலம்தான் வாங்க முடியும். முதல் வருடத்தை விட்டுவிட்டு இரண்டாம் வருடம் சேர்ந்தால் முதல் வருடத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும், காத்திருப்பதில் லாபம் இல்லை.

மீதி எல்லாம் லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளம். பழைய 4 ஜிபி மெஷின்களில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாக ஓடும். பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமே இல்லை, இரண்டு பாடவேளையில் பழகிவிடுவார்கள். ஆசிரியர்களுக்குத்தான் நாள் எடுக்கும்.

விலைமனு கேட்கும்போது முகவர் சொல்லாமல் விடக்கூடியவை சில. தொகுதி லைசன்ஸில் வரும் விண்டோஸ் ஒரு தரமுயர்த்தல் மட்டுமே, அதாவது அந்த மெஷினில் ஏற்கெனவே ஒரு சட்டபூர்வ விண்டோஸ் இருக்க வேண்டும். கடையில் பூட்டி, விண்டோஸ் இல்லாமல் வாங்கிய மெஷினுக்கு அது செல்லாது, முழு லைசன்ஸ் வேண்டும். "எங்கள் மெஷின்கள் பூட்டியவை" என்று கடிதத்திலேயே எழுதிக் கேளுங்கள், இல்லாவிட்டால் விலை குறைந்ததைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். அடுத்து, வருடச் சந்தாவா நிரந்தரமா என்பது. சந்தா என்றால் அடுத்த வருடம் கட்டாவிட்டால் உரிமை போய்விடும், இந்த வருடம் நன்கொடை கிடைத்தது என்பதற்காகச் சந்தாவில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கல்விச் சந்தாக்களில் சிலவற்றுக்கு மெஷின் எண்ணிக்கை தேவையில்லை, ஆசிரியர், ஊழியர் எண்ணிக்கையின்படிதான் கணக்கு. மாணவர் நிறைய, ஆசிரியர் குறைவு என்றால் அது நமக்கு மலிவாக அமையலாம், இரண்டு விதத்திலும் விலை கேட்டுப் பாருங்கள்.

விலைமனு குறைந்தது மூன்று எடுங்கள், அபிவிருத்திச் சங்கக் கணக்காய்வுக்கு எப்படியும் அது வேண்டும். மூன்றிலும் வற் சேர்த்ததா சேர்க்காததா என்று பாருங்கள். 2024 ஜனவரியில் இருந்து வற் 18 சதவீதம், 1,00,000 ரூபாய் என்று காட்டிய விலை பில்லில் 1,18,000 ஆகும். லைசன்ஸ் விலை டொலரோடு ஏறி இறங்குவதால் பெரும்பாலான விலைமனு ஒன்றிரண்டு வாரத்துக்குத்தான் செல்லும். சங்கக் கூட்டம் மாதத்துக்கு ஒருமுறை. ஆகவே கூட்டத் திகதியை முதலில் கேட்டுக்கொண்டு அதற்கு முந்தின வாரம் விலைமனு வரும்படி பாருங்கள். முந்தி எடுத்து வைத்தால் காலாவதியாகிவிடும், திரும்ப மூன்று கடைக்கும் எழுத வேண்டிவரும்.

மலிவுச் சாவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. முகநூலிலும் சில கடைகளிலும் விண்டோஸ் புரோ சாவி மிகக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். அவை பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் தொகுதிச் சாவிகள். இன்று வேலை செய்யும், அந்த நிறுவனமோ மைக்ரோசொஃப்டோ கண்டுபிடித்து முடக்கினால் 20 மெஷினும் ஆக்டிவேட் செய்யச் சொல்லி எச்சரிக்கை காட்டும். இன்னும் மோசமானது "வாழ்நாள் ஒஃபிஸ் கணக்கு". எங்கோ ஒரு நாட்டுக் கல்லூரியின் கணக்கில் உங்களை ஒரு மாணவராகச் சேர்த்துவிடுகிறார்கள். அங்குள்ள நிர்வாகிக்கு நீங்கள் அதில் ஏற்றிய ஃபைல்களைப் பார்க்க முடியும். அவர் துப்புரவு செய்கிற நாளில் உங்கள் வினாத்தாள்களும் சேர்ந்து போய்விடும். பாடசாலைப் பெயரில் பில் தர மறுக்கிற எவரிடமும் லைசன்ஸ் வாங்காதீர்கள், இந்த ஒரு விதியே பாதிப் பேரைக் கழித்துவிடும்.

5. சேர்வர் உண்மையிலேயே வேண்டுமா?

பல பாடசாலைகளுக்கு வேண்டாம். நன்கொடையாளர் கேட்டால் நாம் "ஒரு சேர்வர்" என்று சொல்லிவிடுகிறோம், கேட்க நன்றாக இருக்கிறது. ஃபைல்கள் கூகுளில் இருக்கின்றன, இணையம் ஓரளவு வருகிறது என்றால் சேர்வர் வெறும் மின்சாரச் செலவு.

வேண்டும் என்பதற்கு நல்ல காரணம் இரண்டு. ஒன்று, பொது ஃபோல்டர். இதை ஆசிரியர் மெஷினிலேயே ஷெயார் செய்துவிடலாமே என்று தொடங்குவோம். சாதாரண விண்டோஸில் ஒரே நேரத்தில் 20 மெஷின்தான் இணைய முடியும், 21ஆவது பிள்ளைக்குப் பிழைச் செய்தி வரும், நீங்கள் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு, இணையம் இல்லாத நேரத்துக்குப் பாடங்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கம் மழைக்காலத்தில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். கொலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு சாதாரண மெஷினில் போட்டு, இணையம் நல்ல இடத்தில் பாடங்களை இறக்கிக் கொண்டுவந்தால் முழுக் கூடமும் இணையமின்றியே பார்க்கலாம். பாடங்களையும் ஒப்படைகளையும் நடத்துகிற மூடுல் என்ற மென்பொருளும் அப்படி உள்ளேயே ஓடும்.

இரண்டு வேலைக்கும் உபுண்டு சேர்வரும் (லினக்ஸில் ஒரு வகை) சம்பாவும் (விண்டோஸ் மெஷின்களோடு ஃபோல்டரைப் பகிர்கிற மென்பொருள்) போதும், லைசன்ஸ் செலவு பூச்சியம். நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள். 24.04க்கு 2029 வரை இலவசப் புதுப்பிப்பு உண்டு. நிறுவும்போது நிலையான ஐபி முகவரி (வலையமைப்பில் அந்த மெஷினின் இலக்கம்) கொடுத்து அதை மெஷினின் மேல் ஒட்டி வையுங்கள். அலைபேசிக்கு வைஃபை வேண்டும் என்று யாராவது ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்து சுவிட்சில் (நெட்வேர்க் கேபிள்கள் வந்து சேர்கிற பெட்டி) சொருகினால் அது தானும் ஐபி கொடுக்கத் தொடங்கிவிடும், பாதி மெஷின் சேர்வரைக் காணவில்லை என்று சொல்லும். சுவிட்ச் பெட்டியைப் பூட்டி வையுங்கள்.

விண்டோஸ் சேர்வர்தான் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள். மெஷினின் புரொசசரில் 4 கோர் (கணிக்கும் பகுதி) இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு லைசன்ஸ் வாங்க வேண்டும். அதற்கு மேல், இணைகிற ஒவ்வொரு ஆளுக்கோ மெஷினுக்கோ தனி அணுகல் உரிமம், அதை "கால்" (CAL) என்பார்கள். சேர்வர் விலையை மட்டும் விலைமனுவில் எழுதிவிட்டு இந்த அணுகல் உரிமத்தை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. டெக்னீஷியன் 180 நாள் சோதனைப் பதிப்பைப் போட்டுவிட்டு லைசன்ஸ் போட்டாயிற்று என்று போய்விடுவதும் உண்டு. அது முடிந்ததும் சேர்வர் மணிக்கு ஒருமுறை தானாக நின்று போகும், நீங்கள் மின்சாரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். காசு கொடுக்கும் முன் அதே ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, விண்டோஸ் ஹோம் பதிப்புள்ள மெஷின்களைச் சேர்வரின் டொமைனில் (இது இணைய முகவரி அல்ல, சேர்வர் நிர்வகிக்கிற மெஷின் குழு) இணைக்க முடியாது. ஆக, சேர்வரோடு 20 மெஷினுக்கு புரோவும் வாங்க வேண்டிவரும்.

6. இடி, ஈரம், கரண்ட்

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடியில் போகிற மெஷின்கள்தான் அதிகம். பிளக்கில் சர்ஜ் பாதுகாப்புப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம், மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாக ரவுட்டருக்குள் வந்து, அங்கிருந்து நெட்வேர்க் கேபிள் வழியாகச் சேர்வருக்கு வருகிறது. செம்புக் கம்பி இணைப்பு என்றால் அதற்கும் பாதுகாப்பு வேண்டும். ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொரு கட்டடத்துக்கு வெளியால் நெட்வேர்க் கேபிள் இழுக்காதீர்கள், ஃபைபர் இழுங்கள். ஃபைபரின் இரண்டு முனையிலும் வைக்க இரண்டு சின்னப் பெட்டி வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள், கூடத்துக்கு மேலதிக மெஷின் வாங்குவதற்கு முன்.

சேர்வருக்கு யுபிஎஸ் கட்டாயம். அதன் யூஎஸ்பி வயரைச் சேர்வரில் சொருகி, பற்றரி குறையும்போது ஒழுங்காக நிறுத்தும்படி அமைத்தால்தான் பயன். பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும், அதைச் செலவுத் திட்டத்தில் எழுதி வையுங்கள். சேர்வரை ஜன்னல் ஓரத்திலும் தரையிலும் வைக்காதீர்கள், பனி உள்ளே வரும் அறைகளில் காலையில் மேசையே நனைந்திருக்கும். நீண்ட விடுமுறை முடிந்து திறக்கும்போது ஜன்னலைத் திறந்து அறையைக் காயவிட்டுப் பிறகு மெஷின்களைப் போடுங்கள்.

7. பக்கப் (காப்புப் பிரதி)

இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க். ஒன்று சேர்வரோடு, மற்றது அதிபர் அறை இரும்பு அலுமாரியில், கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். எப்போதும் சொருகியே இருக்கிற டிஸ்க் பக்கப் ஆகாது, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். தவணைக்கு ஒருமுறை ஒரு ஃபைலையாவது பக்கப்பில் இருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். பாடசாலைமட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகள் அனுப்ப வேண்டிய வாரத்துக்கு முன்னர் என்றால் இன்னும் நல்லது.

8. கையளிப்புக் கோப்பு

ஒரு சாதாரண பைல் கவர் போதும். உள்ளே: முதலாம் படியின் அட்டவணை, எல்லா பில்லின் பிரதி, லைசன்ஸ் மின்னஞ்சல்களின் அச்சுப் பிரதி, டொமைன் புதுப்பிக்க வேண்டிய திகதி, சேர்வர் ஐபி, கேபிள் எங்கெங்கே போகிறது என்று கையால் வரைந்த படம். பில்களின் மை இரண்டு வருடத்தில் மங்கிவிடும், போட்டோகொப்பி எடுத்து வையுங்கள். பாஸ்வேர்ட் இந்தக் கோப்பில் வேண்டாம். அவை ஒரு உறையில், ஒட்டி, மேலே ஒப்பமிட்டு, அதிபர் அலுமாரியில். பாஸ்வேர்ட் மாற்றும்போதெல்லாம் உறையையும் மாற்றுங்கள்.

டொமைன் திகதியை மட்டும் கோப்பில் விட்டுவிடாமல் அலுவலகச் சுவர்க் கலண்டரிலும் சிவப்பில் எழுதுங்கள். அது தவறினால் பாடசாலையின் எல்லா மின்னஞ்சலும் ஒரே நாளில் நின்றுவிடும், நிர்வாகிக் கணக்கின் மீட்பு மின்னஞ்சலும் அதே டொமைனில் இருந்தால் உள்ளே போகவே வழி இருக்காது. மீட்பு முகவரிக்கு, இரண்டாம் படியில் திறந்த அந்தப் பொது மின்னஞ்சலைக் கொடுங்கள்.

இடமாற்றம் வந்துவிட்டால் கடைசி நாளுக்கு விடாமல் புதியவர் வந்த அன்றே அவரை உட்கார வைத்து, உறையைத் திறந்து, ஒவ்வொரு கணக்கிலும் அவர் கையாலேயே உள்ளே போய்ப் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள். புதியவர் இன்னும் வரவில்லை என்றால் உதவி அதிபரோடு செய்யுங்கள். முடிந்ததும் உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கம் எந்தக் கணக்கிலாவது மிச்சமிருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு திங்கட்கிழமைக் காலையிலும் குறியீட்டு எண் கேட்டு உங்களுக்குத்தான் போன் வரும்.